விவசாயி என்று யாரை எழுதுகிறார்கள்?

(தலித் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய இரண்டு நாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு நீளமானது. 'நீடித்த வேளாண்மையும் கிராமப்புற வேளாண் சமூகங்களும்: சர்வதேச வளர்ச்சித் திட்டங்களின் பங்கு.' நோட்டீஸைப் பார்த்துட்டு ஒரு தோழர் போன் பண்ணி, 'கவிதை எழுதுறவனுக்கு எதுக்குய்யா இந்தத் தலைப்பு'ன்னு கேட்டார். நான் ராத்திரியில்தான் கவிதை எழுதுறேன். பகலெல்லாம் வங்கியில் எழுத்தர் வேலை. பயிர்க்கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற மேஜை என்னுடையது. இந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கிற ஒரு சொல்லோடு எனக்குத் தினமும் பழக்கம் உண்டு. அந்தச் சொல் 'விவசாயி'.

வெளிநாட்டு உதவி, வளர்ச்சித் திட்டம் என்று பேச்செடுத்தாலே நம்ம கூட்டங்களில் ரெண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி, 'இது ஏகாதிபத்தியச் சதி, தொண்டு நிறுவனங்கள் போராட்டத்தை நமத்துப்போக வைக்க வந்தவை' என்று சொல்லும். இன்னொரு கட்சி, 'காசு எங்கிருந்து வந்தா என்ன, சேரிக்கு நாலு நல்லது நடக்குதா இல்லையா' என்று கேட்கும். இருபது முப்பது வருஷமா இந்த விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேருமே காசு எந்தத் திசையிலிருந்து வருதுன்னுதான் பார்க்கிறாங்க. அது எந்தத் திசையில் போகுதுன்னு பார்க்கணும். திட்ட அறிக்கையில் 'விவசாயி' என்று எழுதும்போது யாரை நினைத்து எழுதுகிறார்கள்? அந்தக் கணக்கில் நாம் வருகிறோமா? இன்றைக்கு என் பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

முதலில் என் கவுண்டரிலிருந்தே தொடங்குறேன். பயிர்க்கடன் வேணும்னா சிட்டா, அடங்கல் வேணும். சிட்டாவில் பேர் இருக்கணும்னா பட்டா இருக்கணும். அது இருந்தால் மூன்று லட்சம் ரூபாய் வரை 7 சதவிகித வட்டி. தவணை தவறாமல் கட்டினால் அரசு மானியம் போக 4 சதவிகிதம்தான். நாற்று பறிக்கிற, நடவு நடுற, களையெடுக்கிற, கதிர் அறுத்துக் களத்துமேட்டில் தூற்றுகிற அம்மாவுக்கு சிட்டா கிடையாது. அவங்க நுண்கடன் கம்பெனிக்காரனிடம் போறாங்க. அங்கே வட்டி இருபதைத் தாண்டும். வயலில் கால் வைக்காமல் டவுனில் குடியிருக்கிறவருக்கு 4 சதவிகிதம். நாள் முழுக்க சேற்றில் நிற்கிறவருக்கு 20-க்கு மேல். குத்தகைக்காரருக்கும் கொடுக்கலாம், வாய்மொழிக் குத்தகைக்கும் கொடுக்கலாம், கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்துக் கொடுக்கலாம் என்றெல்லாம் விதி இருக்கு. இல்லைன்னு சொல்லல. ஆனா குத்தகைக்கு விட்ட நிலக்காரர் ஒரு துண்டுத் தாளில்கூடக் கையெழுத்துப் போடமாட்டார். போட்டால் நிலத்தில் உரிமை வந்துவிடும் என்று பயம். தாள் இல்லாமல் மேலாளர் கையெழுத்துப் போடமாட்டார். விதி விதியாகவே இருக்கும்.

2019-லிருந்து பிரதமரின் விவசாயி நிதி என்று வருஷத்துக்கு 6000 ரூபாய், மூன்று தவணையாகக் கணக்கில் விழுகிறது. 2000 விழுகிற வாரம் கிளையில் கூட்டம் தாங்காது. நம்ம சேரியிலிருந்தும் வந்து பாஸ்புக்கை நீட்டுவாங்க. 'எனக்கு ஏன் சார் வரல?' அந்தத் திட்டம் நிலம் வைத்திருக்கிற விவசாயக் குடும்பத்துக்கு. நிலமில்லாதவர் அதில் விவசாயி கிடையாது. 'நான் விவசாயந்தானே சார் பண்றேன்'னு ஒரு அம்மா கேட்டாங்க. இலக்கணப்படி அவங்க சொன்னது சரி. அரசாணைப்படி தப்பு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்க. தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் 42 லட்சம் பேர். விவசாயத் தொழிலாளர்கள் 96 லட்சம் பேர். நிலத்தை நம்பி வாழ்கிறவர்களில் ரெண்டு பங்குக்கு மேல் கூலிக்காரர்கள். அவர்களில் பெருந்தொகையினர் யார் என்று இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. இந்தியா முழுக்க எடுத்தால் 2011 கணக்குப்படி பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 சதவிகிதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி நம்மவர் சாகுபடி செய்கிற நிலம் மொத்தப் பரப்பில் 9 சதவிகிதத்துக்கும் குறைவு. ஆக, 'விவசாயிகளுக்கு உதவி' என்று ஒரு திட்டம் சொல்லும்போதே, உழைக்கிறவர்களில் பெரும்பகுதியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறது.

வெளிநாட்டுத் திட்டம் நமக்குப் புதுசு இல்லை. தஞ்சாவூருக்கு வாங்க. 1959-ல் ஃபோர்டு ஃபவுண்டேஷன் அனுப்பிய அமெரிக்க வேளாண் வல்லுநர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1960-ல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தது. 'பேக்கேஜ் புரோகிராம்' என்று சொல்லுவார்கள். முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் லூதியானாவும் உண்டு. ஏன் இந்த மாவட்டங்கள்? தண்ணீர் உறுதியாக உள்ள இடத்தில் விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் விளைச்சல் சீக்கிரம் ஏறும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய ஜப்பானிய - இந்திய நெல் கலப்பு முயற்சியில் பிறந்த ரகம் அது. குறுவை முழுக்க அதுதான் என்று ஆச்சு. நெல் பெருகியது.

யார் வீட்டில் பெருகியது? திட்டத்தின் கடன் கூட்டுறவுச் சங்கம் வழியாகப் போனது. சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மிராசுதார். குத்தகைக்காரருக்கு அவர் குத்தகைக்காரர் என்று காட்ட ஓர் ஏடு கிடையாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்கிற சட்டமே 1969-ல்தான் வந்தது. அதற்கும் கீழே பண்ணையாள். அவருக்குத் திட்டத்தில் பெயரே இல்லை. விதை என்று ஒரு தலைப்பு இருந்தது, உரம் என்று ஒன்று இருந்தது. கூலி என்று ஒரு தலைப்பு இல்லை. கூடுதலாக விளைந்த மூட்டையில் அறுத்தவனுக்கு எவ்வளவு என்று எந்த வல்லுநரும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பண்ணையாட்களே கேட்டார்கள். கூலி நெல்லில் கூட அரைப்படி. அதே கீழத்தஞ்சையில், திட்டம் வந்து எட்டு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரைப் பூட்டிக் கொளுத்தினார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று மிராசுதார்கள் வைத்திருந்த சங்கத்தின் பெயரைக் கவனிங்க. உற்பத்தி செய்தவர்கள் குடிசைக்குள் எரிந்துகொண்டிருந்தார்கள், உற்பத்தியாளர் என்ற பெயர் வெளியே தீ வைத்துக்கொண்டிருந்தது. வழக்கில் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அமெரிக்கத் திட்டம்தான் வெண்மணியைக் கொளுத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. கொளுத்தியது சாதியும் நிலவுடைமையும். ஆனால் நிலவுடைமை இருந்தது இருந்தபடி இருக்க, மேலே கொண்டுபோய்க் கொட்டின காசு யார் கையைப் பலப்படுத்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நமக்குத் தேவையில்லை.

அது பசுமைப் புரட்சி, ரசாயன உரக்காலம், இப்போ பேசுறது இயற்கை வேளாண்மை, நீடித்த வேளாண்மை, அது வேறன்னு சில நண்பர்கள் சொல்லுவாங்க. உரம் மாறியிருக்கு, ஒத்துக்கிறேன். எண்ணிக்கை எடுக்கிற முறை மாறியிருக்கா?

ஏரிகளை எடுத்துக்குவோம். 2007-ல் உலக வங்கிக் கடனில் நீர்வள நிலவளத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 63 உபவடிநிலங்கள். ஏரி, கால்வாய்களைச் சீரமைப்பது, குறைந்த தண்ணீரில் விளைய வைப்பது என்று நல்ல நோக்கங்கள். ஏரி பராமரிப்பை மக்களிடமே கொடுக்கிறோம் என்று நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு அதில் பெரிய இடம். அந்தச் சங்கங்கள் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கிறவர்தான் அதில் உறுப்பினர், அவருக்குத்தான் ஓட்டு.

இப்போ ஏரிக்கரைக்குப் போங்க. தலைமுறை தலைமுறையாக மடையைத் திறந்து மூடுகிறவர் யார்? நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி என்று ஊருக்கு ஒரு பெயர். பெரும்பாலான ஊர்களில் நம்ம ஆள். மழை ராத்திரியில் கலங்கல் ஓரம் கண் விழிக்கிறவர் அவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், எந்த வாய்க்கால் எங்கே உடையும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர். ஏரியில் தண்ணீர் இருந்தால் நம்ம பெண்களுக்கு நடவுக் கூலி உண்டு, ஆடுமாட்டுக்குத் தண்ணி உண்டு, மீன் உண்டு, கோரை உண்டு. ஏரியை இத்தனை வகையாகப் பயன்படுத்துகிறவர், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் இல்லை. மடையைத் திறக்கலாம், ஓட்டுப் போட முடியாது. 'மக்கள் பங்கேற்பு' என்று திட்ட அறிக்கையில் வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, 'எந்த மக்கள்?' என்று எழுதி வையுங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லணும். எல்லாத் திட்டமும் ஒரே மாதிரி இல்லை. 1989-ல் ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் ஆரம்பித்த மகளிர் மேம்பாட்டுத் திட்டம்தான் இன்றைக்கு ஊர்தோறும் இருக்கிற சுயஉதவிக் குழுக்களுக்கு வித்து. அந்தக் குழு பட்டா கேட்கவில்லை. நம்ம பெண்கள் முதல் தடவையாக வங்கிக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தது அதனால்தான். எங்க அம்மாவும் அப்படி வந்தவங்கதான். ஆனா அந்தக் கடன் ஆடு வாங்கப் போதும், கறவை மாடு வாங்கப் போதும். மாடு மேய நிலம்? அது மறுபடியும் ஊர்க்காரர் வரப்புதான். அடுத்தவன் வரப்பில் புல் அறுத்ததற்காக அடி வாங்கின கதை இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வீட்டில் இருக்கும்!

அப்போ வேற வழி உண்டா? உண்டு. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கம் 1983-லிருந்து வேலை செய்கிறது. தொடங்கியவர்கள் வெளியிலிருந்து வந்த நடுத்தர வர்க்கத்தினர். அவர்களில் ஒருவரான பி.வி. சதீஷ் தொலைக்காட்சித் தயாரிப்பாளராக இருந்தவர், 2023-ல் காலமானார். வெளிநாட்டு நிதியும் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கூடின சங்கங்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், கூலிப் பெண்கள். சுமார் 75 கிராமங்களில் ஏறத்தாழ 5000 பேர்.

அவங்க எதிலிருந்து ஆரம்பிச்சாங்க என்பதுதான் முக்கியம். நிலத்திலிருந்து. அந்தப் பக்கம் நிலச்சீர்திருத்தத்தில் தலித்துகளுக்கு ஒப்படைத்த நிலம் கொஞ்சம் உண்டு. சரளைக் கல்லும் செம்மண்ணுமாக, யாரும் வேண்டாமென்று விட்ட நிலம். பட்டா கையில் இருந்தது, விளைச்சல் இல்லை. அதைக் கல் பொறுக்கி, வரப்புக் கட்டி, எரு அடித்து மீட்டார்கள். நிலம் இல்லாதவர்கள் சங்கமாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தார்கள்.

அடுத்தது தானியம். 1983-ல் என்.டி. ராமாராவ் ஆட்சி கிலோ ரெண்டு ரூபாய்க்கு அரிசி கொடுத்தது. பசிக்கு அது உதவியது. ஆனால் சோளத்துக்கு விலை போச்சு, மானாவாரி நிலம் தரிசாச்சு, அந்த நிலத்தில் கிடைத்த கூலியும் போச்சு. தொண்ணூறுகளின் நடுவில் இந்தப் பெண்கள், மத்திய அரசின் ஊரக வளர்ச்சித் துறை உதவியோடு, ஒரு மாற்றுப் பொது விநியோக முறையை நடத்திக் காட்டினார்கள். சுமார் 30 கிராமங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் தரிசை உழுது விதைக்கக் கடன். கடனை ரூபாயாகத் திருப்பிக் கட்ட வேண்டாம். ஐந்து வருஷத்தில் சோளமாகக் கொடுக்கணும். அந்தச் சோளத்தை ஊரிலேயே சேமித்து, மழைக்கால வறட்டு மாதங்களில் ஊர் கூடி அடையாளம் கண்ட ஏழை வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். வங்கிக்காரனாகச் சொல்றேன், கடனைத் தானியமாக வசூல் பண்ணி, வசூலான கடனையே ஊர் பசிக்குச் சோறாக மாற்றுகிற கணக்கு எங்க லெட்ஜரில் கிடையாது.

அடுத்தது விதை. ஊருக்கு ஊர் விதை வங்கி. சாம்பலும் வேப்பிலையும் போட்டுக் கட்டி வைத்த விதை. வாங்கினவர் அறுவடை முடிந்ததும் வாங்கினதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தரணும். ஒரே கொல்லையில் சோளம், கம்பு, சாமை, தினை, துவரை என்று பத்துப் பதினைந்து பயிர். ஒன்று போனால் இன்னொன்று நிற்கும். நாம் புத்தகத்தில் 'நீடித்த வேளாண்மை' என்று படிக்கிறது அவங்களுக்குப் பட்டினியைத் தள்ளிப்போடுகிற சூத்திரம்.

அப்புறம் குரல். 1998-ல் யுனெஸ்கோ உதவியோடு சமுதாய வானொலிக்கான நிலையம் அமைந்தது. கருவி வந்தாச்சு. ஒலிபரப்ப உரிமம்? பத்து வருஷம் கிடைக்கவில்லை. நாடாவில் பதிந்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். 2006-ல் கொள்கை மாறி, 2008 அக்டோபரில்தான் சங்கம் ரேடியோ காற்றில் ஏறியது. பாருங்க, வெளிநாட்டு உதவி கருவியைக் கொண்டுவர முடியும். தலித் பெண் பேசுகிற அலைவரிசையை அதனால் கொண்டுவர முடியாது. அதற்கு இங்கேயே சண்டை போடணும். 2019-ல் அந்தப் பெண்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது.

பஸ்தாபூரைச் சொர்க்கமாகக் காட்ட நான் வரலை. அங்கேயும் சாதி இருக்கு, அங்கேயும் பிள்ளைகள் ஹைதராபாத் போகத்தான் செய்றாங்க. நான் சொல்ல வருவது வரிசையைப் பற்றி. முதலில் நிலம், பிறகு தானியம், பிறகு விதை, பிறகு வாய். அந்த வரிசையைத் தீர்மானித்த இடத்தில் கூலிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தஞ்சாவூரில் வரிசை தலைகீழ். விதையும் உரமும் முதலில் வந்தன, நிலம் கடைசி வரை வரவே இல்லை.

இப்போ சிறுதானியத்துக்கு யோகம் அடிச்சிருக்கு. 2023-ஐ ஐ.நா. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, இந்தியா முன்மொழிந்து. நம்ம பாட்டிகள் கேப்பைக் கூழ் கொண்டு போனதற்காக 'கூழுக்குடிச்சான்' என்று கேலி வாங்கினார்கள். அதே கேப்பை இன்றைக்கு நட்சத்திர ஓட்டலில் பீங்கான் தட்டில் வருது. சந்தோஷம்தான். ஆனால் வரகுக்கு விலை ஏறினால் வரகு விளைகிற நிலத்துக்கும் விலை ஏறும். குத்தகைக்குப் பயிர் வைக்கிற நம்ம ஆளை அந்த நிலத்திலிருந்து கிளப்பிவிடுகிற முதல் நாள் அதுவாகவும் இருக்கலாம். நிலம் கையில் இருந்தால் விலையேற்றம் வரம். இல்லாவிட்டால் அதுவே வெளியேற்றம்.

அப்போ நம்ம நிலம் எங்கே? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1892-ல் அரசாணை எண் 1010. அதன் வழியாக ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கியது பஞ்சமி நிலம். முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. அதில் எத்தனை இன்று நம் பெயரில் இருக்கிறது? 1994 அக்டோபர் 10-ல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அம்பேத்கர் 1947-ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் விவசாய நிலம் அரசுடைமையாகி, சாதி பார்க்காமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, கூட்டுப்பண்ணையாக நடக்க வேண்டும் என்று முன்வைத்தார். நிலமில்லாதவனுக்குக் குத்தகைச் சீர்திருத்தம் ஒன்றும் தராது என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்தப் பன்னாட்டு அறிக்கையும் நமக்குச் சொல்லித்தர வேண்டிய நிலையில் நாம் இல்லை. திட்டம் நம்மிடம் இருக்கிறது.

இனி, என்ன செய்யலாம். மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. உலக வங்கிப் பணம் பிச்சை இல்லை, கடன். அரசு வட்டியோடு திருப்பிக் கட்டுகிற கடன். எதிலிருந்து கட்டுது? வரியிலிருந்து. நம்ம அம்மா சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி கட்டுறாங்க. அந்தக் கடனைக் கட்டுகிறவர்களில் நாமும் உண்டு. ஆகவே கைகட்டி நிற்க வேண்டாம், கணக்குக் கேட்போம். திட்ட ஆவணங்களைப் பொதுவில் வைப்பதை 2010-லிருந்து உலக வங்கி கொள்கையாகவே வைத்திருக்கிறது. இங்கே 2005-லிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. நர்மதைப் போராட்டத்துக்குப் பிறகு, 1993-ல், பாதிக்கப்பட்ட மக்கள் நேரடியாகப் புகார் கொடுக்க ஆய்வுக்குழு ஒன்றை அந்த வங்கி அமைக்க வேண்டி வந்தது. போராடினவங்க வாங்கிக் கொடுத்த கதவு அது. கிராமத்தில் ஒரு திட்டப் பலகை நட்டால், அதன் ஆவணத்தை வாங்கிப் படித்து, தமிழில் நாலு பக்கம் ஆக்கிச் சேரியில் வாசியுங்கள். இதற்கு நிதி வேண்டாம், உங்க படிப்புப் போதும்.

இரண்டு. படிக்கும்போது நாலு கேள்வி கேளுங்க. பயனாளி யார் என்று எப்படி வரையறுத்திருக்கு, பட்டா வேணுமா? கூலிக்கு என்ன ஆகும், கூடுமா குறையுமா? புறம்போக்கு, மேய்ச்சல், ஏரி இவற்றில் நம்ம பாத்தியதை என்ன ஆகும்? முடிவெடுக்கிற குழு ஊரில் கூடுதா, சேரியில் கூடுதா? கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீங்க. கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தால் நாம் வாசலில்தான் நிற்போம்.

மூன்று. பழங்குடி மக்களுக்கு உலக வங்கியில் தனிப் பாதுகாப்புக் கொள்கை இருக்கு. அது அவர்கள் உலகம் முழுக்கப் போராடிப் பெற்றது. சாதிக்கு அப்படித் தனிக் கொள்கை இல்லை. நலிந்த பிரிவினர் என்ற பொதுச்சொல்லுக்குள் நம்மைப் போட்டுவிடுகிறார்கள். நலிந்தவர் என்றால் தானாக நலிந்த மாதிரி இருக்கு. நலியவைத்தவன் பெயர் அதில் வராது. சாதி என்ற சொல்லைத் திட்ட ஆவணத்துக்குள் கொண்டுவரச் செய்வது நம் வேலை.

நான்கு. இருக்கிறதை விடக்கூடாது. நிலமில்லாத ஆதிதிராவிட, பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, தாட்கோ மூலம் 50 சதவிகிதம், அதிகபட்சம் 5 லட்சம் வரை மானியம் தருகிற 'நன்னிலம்' திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. நம்ம நிலத்தை நமக்கே விலைக்கு விற்கிறதான்னு சில தோழர்கள் கோபப்படுறாங்க. கோபம் நியாயம். பஞ்சமி மீட்பை விட்டுக்கொடுக்காமலே இதற்கும் மனுப் போடுவோம். அரை ஏக்கர் ஆனாலும் சிட்டாவில் ஒரு தலித் பெண்ணின் பெயர் ஏறினால், என் மேஜைக்கு அவங்க வேறு மாதிரி வருவாங்க. நான் பார்த்திருக்கேன்.

ஐந்து, கடைசி. வெளிப் பணத்தின் மேல் வீடு கட்டாதீர்கள். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நிறுவனம் வாங்கின பணத்தை இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கத் தடை போட்டார்கள். பெரிய நிறுவனங்கள் வழியாகக் கொஞ்சம் நிதி பெற்றுவந்த சின்னச் சின்ன அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது. 2025 ஜூலையில் அமெரிக்காவின் யுஎஸ்எய்டு நிறுவனமே மூடப்பட்டது. டெல்லி ஒரு கையெழுத்தில் நிறுத்தும், வாஷிங்டன் ஒரு கையெழுத்தில் நிறுத்தும். பஸ்தாபூர்ப் பெண்கள் கடனைச் சோளமாக வாங்கிச் சேமித்ததன் அர்த்தம் இங்கேதான் இருக்கு. பணம் நின்றாலும் குதிர் நிற்கும்.

உதவியை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. விதை வரட்டும், கிணறு வரட்டும், பயிற்சி வரட்டும். வருகிறவர் எவரானாலும், அமெரிக்கராக இருந்தாலும் ஜெர்மானியராக இருந்தாலும் நம்ம கலெக்டராகவே இருந்தாலும், சேரிக்குள் வந்ததும் அவரிடம் ஒரே ஒரு காகிதத்தைக் காட்டுங்க. அந்த ஊரின் அ பதிவேட்டு நகல். எந்தப் புல எண் யார் பெயரில் இருக்கு, எது பஞ்சமி, எது புறம்போக்கு என்று அதில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குவது கொஞ்சம் கஷ்டம், முடியாதது இல்லை. 'ஐயா, விவசாயத்தைப் பற்றிப் பேசுவோம், முதலில் இதைப் படிச்சுட்டுப் பேசுவோம்' என்று சொல்லுங்க.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடும்போது, உங்க உங்க ஊர் பதிவேட்டை எப்படி எடுப்பது என்று உட்கார்ந்து பேசலாம். மனு எழுத நான் உதவுறேன்.

ஜெய்பீம்.